பாட்காஸ்ட் வந்துவிட்டால் வானொலி உரையாடல் வேண்டாமா?

பாட்காஸ்ட் இருக்கும்போது, மக்கள் பணத்தில் நடக்கும் பொது வானொலியின் உரையாடல் நிகழ்ச்சிகள் எதற்கு என்று ஒரு கட்டுரையாளர் கேட்கிறார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

பாட்காஸ்டில் நமக்குப் பிடித்ததைத்தான் தேடிப் போய்க் கேட்கிறோம். வானொலி அப்படி இல்லை. பட்ஜெட் பற்றிப் பேசி முடித்த கையோடு ஒரு நாடகக் கலைஞர் வந்து உட்காருவார். அப்புறம், பேருந்துத் தடம் மாறியதால் தினமும் அரை மணி நேரம் நடக்கிற ஒருவர் தொலைபேசியில் வருவார். அந்த மூன்றாவது ஆளை நானாக ஒருநாளும் தேடிப் போயிருக்க மாட்டேன்.

நேயர் இணைப்பில் வந்ததும், "உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்று தொகுப்பாளர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நேரலை பெரும்பாலும் சில வினாடிகள் தாமதமாகத்தான் ஒலிபரப்பாகும். வீட்டு ரேடியோவிலிருந்து தன் குரலே பின்னால் வந்து பேசுகிறவரைத் தடுமாற வைக்கும். சத்தம் குறைந்ததும் ஒரு சின்ன அமைதி, ஒரு மூச்சு, பிறகு பேச்சு தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான்.

சரி, காசு விஷயம். பிரிட்டனின் பிபிசியைப் பெரும்பாலும் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணம் தாங்குகிறது. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுப் பொது ஒலிபரப்புச் சட்டத்தின் வழியாக வந்துகொண்டிருந்த கூட்டாட்சி அரசு நிதியில், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டார்கள். பெருநகர நிலையங்கள் நேயர் நன்கொடையை வைத்துச் சமாளிக்கலாம். சிற்றூர் நிலையங்கள்தான் பாவம். அங்கே பல இடங்களில் மைக்கை நீட்ட வேறு ஆள் இல்லை.