பூனையை வெளியே விட்டால் அபராதமா?

"பூனையை வெளியே விட்டால் அபராதம், மாநகராட்சி பிடித்துப் போகும், பறவைகளைக் காக்கப் புதுச் சட்டம்" என்று ராயபுரம், தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு. அது ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் சட்டம், 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளுக்கு. அங்கேயும் கூண்டில் அடைக்கச் சொல்லவில்லை, வீட்டுக்குள்ளோ வேலி போட்ட இடத்திலோ வைத்திருக்கலாம், கயிறு கட்டி நடத்திக்கொண்டும் போகலாம். ஐரோப்பியர் கொண்டுவரும்வரை பூனையையே பார்க்காத சின்னச் சின்ன விலங்குகள் அந்த நாட்டில் இருந்ததால், அவற்றில் சில அழிந்தே போனதால் வந்த கட்டுப்பாடு அது. காசிமேட்டில் மீன் தலைக்குக் காத்திருக்கும் பூனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வளர்ப்புப் பிராணி உரிமம் வேறு விஷயம், அதை மாநகராட்சி இணையதளத்தில் பாருங்கள், இல்லை 1913-க்கு போன் போடுங்கள். கான்பெரா சட்டம் அந்த ஊர் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது.

அபராதத்துக்குப் பயந்து பூனையைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும்படி கைவிடுவதுதான் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்ட் பண்ண வேண்டாம், அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.