எழுப்பி விட்டு எடுத்த படம்

இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் வேலை செய்யும்போதே எழுதிவிடுகிறேன், நாளைக்குக் கிடைக்குமோ என்னவோ.

பர்மாவில் பெகு பக்கத்து மோயுன்ஜி ஏரிக்குப் பறவைப் படமெடுக்க ஆட்களை அழைத்துப் போவது என் பிழைப்பு. முன்பு வெளிநாட்டார் வந்தார்கள். இப்போது பெரும்பாலும் நம் ரங்கூன், பெகு தமிழ்ப் பிள்ளைகள்தான். பெரிய லென்சை வாங்கிவிட்டு அதற்குத் தீனி தேடி அலைகிறவர்கள். படகு கரையை விட்டு நகர்ந்து, வாத்துக் கூட்டம் கண்ணில் பட்டதும் யாராவது ஒருவர் என் தோளைத் தொடுவார். “அண்ணே, படகோட்டி ஊலேகிட்டச் சொல்லி எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்கச் சொல்லுங்களேன். மொத்தமா எழும்பட்டும்.”

சொல்ல மாட்டேன். ஏன் என்று படகில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பகலில் அந்த வாத்துகள் சும்மாதானே மிதக்கின்றன என்கிறார்கள். ஊசிவால் வாத்தும் சீழ்க்கைச்சிறகியும் பெரும்பாலும் இரவில் மேய்கிறவை. நடுத்தண்ணீரில் கூட்டமாகக் கிடப்பது அவற்றின் தூக்கம். நீலச்சிறகி இங்கிருந்து சைபீரியப் பக்கம் வரை போய் முட்டையிட வேண்டிய ஜீவன். கோடை வந்து கிளம்புவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். நாம் ஒரு தடவை எழுப்பினால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு போச்சு. பந்தியில் உட்கார்ந்தவனை இலையை விட்டு எழுப்புகிற காரியம் இது. அதுவும் ஒரு படகோடு நிற்பதில்லை, பின்னாலேயே அடுத்த படகு வருகிறது.

“சேற்றுப் பருந்து வந்தாலும் எழும்பத்தானே செய்யுது?” என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பருந்துக்குப் பசி. நமக்கு லைக். அதுவும் போக, பருந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும், கூட்டம் அதே இடத்தில் உட்காரும். அந்தச் சுற்றுக்காகக் காத்திருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

சரி, பறவை மேல் பரிதாபமே வேண்டாம், படத்தை மட்டும் பார்ப்போம். துரத்தி எழுப்பினால் அது உங்களை விட்டு ஓடும். கிடைப்பது வாலும் முதுகும்தான். எழுப்பி எடுத்த படத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்: முகமே இல்லாத கூட்டம். வாத்து காற்றை எதிர்த்துத்தான் எழும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் வெயிலும் ஒருசேர உங்கள் முதுகில் பட்டால், இறங்குகிற ஒவ்வொரு பறவையும் உங்களைப் பார்த்து, முகத்தில் வெளிச்சத்தோடு வரும். டிசம்பர், ஜனவரியில் இங்கே காற்று வடகிழக்கு. காலை வெயில் கிழக்கே. ஆக, கூட்டத்துக்குக் கிழக்கில் தாமரை இலைகளை ஒட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, மூங்கில் கழியை ஊன்றி உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அரிசி நிரப்பிய துணிப்பையைப் படகு விளிம்பில் போட்டு அதன்மேல் லென்சைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு தாழ்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் பலருக்கு முடிவதில்லை.

நீளவால் இலைக்கோழி பற்றியும் ஒன்று. இணையத்தில் பார்த்த நீண்ட கறுப்பு வாலை ஜனவரியில் என்னிடம் கேட்கிறார்கள். அந்த வால் மழைக்காலத்துக்கு, இனப்பெருக்கத்துக்கு. அப்போது ஆண்தான் மிதக்கும் இலைமேல் அடைகாக்கும். பனிக்காலத்தில் வாலை உதிர்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் நடந்துகொண்டிருக்கும். வாலுள்ள படத்தைப் போட்டுப் பனிக்காலச் சுற்றுலாவுக்கு ஆள் பிடிக்கிறவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள், என்னிடம் வேண்டாம்.

“இது வெள்ளைக்காரன் வெட்டின தண்ணித் தொட்டிதானே, என்னமோ காடு மாதிரிப் பேசுறீங்க” என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. உண்மைதான். 1878-இல் பெகு-சிட்டாங் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டியது. 1988-இல் சரணாலயம் ஆனது. 2004-இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது, இந்த நாட்டிலிருந்து முதல் இடமாக. யார் வெட்டினது என்று வாத்து விசாரிப்பதில்லை. தண்ணீர் வற்றும்போது ஓரத்தில் நெல் போடுகிறார்கள், நடுவில் வலை வீசுகிறார்கள். மீன்காரர் கழி ஊன்றிச் சம்பானில் பக்கத்திலேயே போவார், நீலத்தாழைக்கோழி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தண்டைக் கடிக்கும். நம் எஞ்சின் தூரத்தில் கேட்டாலே ஓடிவிடும். எந்தப் படகு எதற்கு வருகிறது என்று அதற்கு நன்றாகத் தெரிகிறது.

இதில் படகோட்டிகளைத் திட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. படம் கிடைத்த சந்தோஷத்தில் கரையில் வைத்து டிப்ஸ் கொடுக்கிறோம். நெருங்கிப் போன படகுக்குக் கூடுதல், ஒதுங்கி நின்ற படகுக்குக் குறைச்சல். மற்ற நாளில் வலை வீசிப் பிழைக்கிற மனிதர் பிறகு என்ன செய்வார்? எஞ்சினை முறுக்குவது அவர் கை, முறுக்க வைப்பது நம் பணம். அதனால் என் குழுவில் டிப்ஸைக் காலையிலேயே, மோஹிங்கா சாப்பிடுகிற கடையிலேயே எல்லோரிடமும் வாங்கி, படகு கிளம்புமுன் ஊலே கையில் கொடுத்துவிடுகிறேன். கரையில் தனியாக யாரும் நீட்டக்கூடாது. முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது எங்கள் படகோட்டி தானே தூரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கழியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

அடுத்து “அப்போ ட்ரோன் ஓகேவா அண்ணே?” என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். வாத்துக்கு அதுவும் பருந்துதான். தவிர, இன்றைய நிலைமையில் இந்த நாட்டில் ட்ரோனோடு பிடிபட்டால் உங்களை வெளியே எடுக்க என்னால் ஆகாது.