அந்த ஒரு வரி தமிழில் இருந்திருந்தால்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெரு அக்காவின் கணவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பி.எஃப். பணம் வந்தது. "பத்து வருடம் முடியவில்லை, பென்ஷன் கிடையாது" என்று கம்பெனியில் யாரோ சொல்ல, அக்கா அதை நம்பிவிட்டார். இரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, தெருத்தெருவாக விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறார்.

சொன்னது தவறு. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு என்பது தொழிலாளி தனக்கு ஓய்வூதியம் வாங்குவதற்கான கணக்கு. பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு உண்டு. 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. கேட்க வேண்டியது 10டி படிவம்.

இதை நான் படித்தது ஆங்கிலத்தில், அதுவும் இரண்டு இரவு தேடிய பிறகு. எட்டாவது வரை தமிழில் படித்த அக்கா எங்கே போய்த் தேடுவார்?

எனக்குக் கோபம் இங்கேதான். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நாம் மனுப் போட்டுக் கேட்பதற்கு மட்டும் வந்ததல்ல. யாரும் கேட்காமலேயே அரசு தன் தகவல்களை வெளியிட வேண்டும், அந்தந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொண்டு மக்களிடம் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 4-ஆவது பிரிவு. அப்படியானால் இந்த ஒரு வரி தமிழில், தொழிற்சாலை வாசல்தோறும் ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா?

பி.எஃப். அலுவலகத்தில் அக்காவின் படிவத்தைக் கொடுத்து மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லை. அதனால் போன வாரம் அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதினோம், தமிழிலேயே. பி.எஃப். அலுவலகம் போன்ற மத்திய அரசு அலுவலகங்களுக்கான இந்த மனுக்களை வாங்கி அனுப்பும் பொறுப்பு குறிப்பிட்ட சில அஞ்சலகங்களுக்கு இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவே வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். அஞ்சலகம் வழியாகப் போனால் ஐந்து நாள் கூடும்.

"என் பெயரில் நானே கேட்கலாமா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அக்கா கையெழுத்துப் போட்டார். அஞ்சலக ரசீதை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். இன்றோடு எட்டு நாள்.