கங்காரு பராமரிப்பு இன்குபேட்டருக்கு மாற்று ஏற்பாடு மட்டும்தானா?

எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தையை அம்மாவின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைப்பதுதான் கங்காரு பராமரிப்பு. "இன்குபேட்டர் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி) இல்லாத ஊரில்தான் கங்காரு பராமரிப்பு, வசதி இருந்தால் குழந்தை தேறிய பிறகு அம்மாவிடம் கொடுத்தால் போதும்" என்று சிலர் எழுதுகிறார்கள். இது பழைய கதை.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரேய் இதைத் தொடங்கியபோது இன்குபேட்டர் பற்றாக்குறை ஒரு காரணம், சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் ஐந்து மருத்துவமனைகள். 1 கிலோவுக்கு மேல், 1.8 கிலோவுக்குக் கீழ் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக்குப் பிறந்த கையோடு தோலோடு தோல் அணைப்பு. மற்றதற்கு முதலில் இன்குபேட்டரோ வார்மரோ (சூடேற்றும் திறந்த படுக்கை), நிலைமை சீரான பிறகே அணைப்பு. 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் முதல் பிரிவில் 12.0%, இரண்டாவதில் 15.7%. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

அணைப்பு என்றால் போட்டோவுக்கு ஐந்து நிமிடம் அல்ல. முதல் பிரிவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். அதற்காக அம்மாவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். நம் ஊரில் பல இடங்களில் அம்மா ஒரு வார்டு, குழந்தை இன்னொரு மாடி, சிக்கலே அங்கேதான்.

அதற்காக "இன்குபேட்டரே வேண்டாம்" என்று சொல்பவரும் அவசரப்படுகிறார். தானாக மூச்சுவிட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படும், ஷாக்கில் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) இருக்கும் குழந்தைகளுக்கு உடனடி அணைப்பை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையும் சொல்லவில்லை.