பறவை விட்டதைவிட நாம் தேய்த்ததே அதிகம்

கார் பானெட்டில் பறவை எச்சத்தைப் பார்த்ததும் பலர் செய்வது, கையில் கிடைத்த துணியால் அழுத்தி ஒரு தேய் தேய்ப்பதுதான். என்னைக் கேட்டால், பின்னால் வருகிற சேதத்தில் பாதிக்குப் பறவை பொறுப்பே இல்லை.

எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். தண்ணீரில் லேசில் கரையாது. கூடவே விதைத் தோல், மண், இரையை அரைக்கப் பறவை விழுங்கிய பொடிக்கல் எல்லாம் இருக்கலாம். காய்ந்ததை அப்படியே தேய்த்தால், அந்தப் பொடியை வைத்தே பெயிண்டைத் தேய்க்கிறோம். வெயிலில் சாய்வாக நின்று பாருங்கள், நூல் நூலாகக் கீறல் தெரியும்.

அமிலத்துக்கு வெயிலும் கூட்டு. பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் சூட்டில் இளகி விரிகிறது. சூடு தணிந்து சுருங்கும்போது, மேலே காய்ந்து இறுகிப்போன எச்சத்தின் மேடு பள்ளத்தை அச்சு எடுத்துக்கொள்கிறது. கழுவிய பிறகும் அதே வடிவில் மங்கலான தடம் நிற்பது இதனால்தான். அதைக் கறை என்று நினைத்து எத்தனை முறை ஷாம்பு போட்டாலும் பள்ளம் நிரம்பாது. சுற்றியிருக்கும் மேட்டை அந்த அளவுக்குத் தேய்த்துக் குறைத்தால்தான் கண்ணுக்கு மறையும்.

அதாவது வீட்டில் தேய்த்துச் ‘சரி செய்வது’ என்று நாம் சொல்வதெல்லாம் கிளியர் கோட்டைக் குறைப்பதுதான். அது பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். போனால் திரும்ப வளராது.

அதனால் என் முறை கொஞ்சம் கஞ்சத்தனமானது. காரை நிழலில் நிறுத்தி, பானெட் ஆறியதும் ஈரத்துணியை எச்சத்தின் மேல் போட்டுப் பத்து நிமிடம் ஊற விடுவேன். பிறகு தேய்க்காமல், துணியோடு சேர்த்து அள்ளி எடுப்பேன். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு முறை ஊறட்டும், அவசரம் என்ன? நனைத்து எடுப்பதில் இன்னொரு நன்மை, கிருமியுள்ள தூசி மூக்கில் ஏறாது. அப்புறம் அந்த இடத்தைக் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, மிதமான வெயிலில் கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பேன். லேசான தடமாக இருந்தால், சூட்டில் கிளியர் கோட் இளகித் தானே ஓரளவு சமனாவதும் உண்டு. ஹேர் டிரையரை எட்டப் பிடித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்கும் போகவில்லை என்றால்தான் பாலிஷ். நகத்தால் மெல்ல வருடும்போது தட்டினால் பள்ளம் ஆழம், வீட்டு வேலைக்கு அது சரிப்படாது. தட்டாவிட்டால், இருப்பதிலேயே மென்மையான பாலிஷைச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் துளி எடுத்து, தடம் இருக்கும் இடத்தில் மட்டும் கையால் தேய்க்கலாம். கொஞ்சம் தேய்த்ததும் துடைத்துப் பார்க்க வேண்டும். பாலிஷிலுள்ள எண்ணெய் பள்ளத்தை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் உண்மை நிலவரம் தெரியும். பாலிஷைவிடக் கரகரப்பான காம்பவுண்ட் அதற்கு அடுத்த கட்டம். பானெட்டின் மடிப்புக் கோடுகள் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம், பெயிண்ட் மெலிந்திருப்பது அங்கேதான்.

பற்பசை வைத்தியம் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. பல்லுக்காகச் செய்த சிராய்ப்புப் பொருள் அது, பெயிண்டை எவ்வளவு தின்னும் என்று யாரும் அளந்து தரவில்லை. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வீடியோக்கள் இன்னும் மோசம். தொழில் தெரிந்தவர்கள் பெயிண்டின் தடிமனை மீட்டர் வைத்து அளந்து செய்கிற வேலை அது. வீடியோவில் மீட்டர் வராது, பளபளப்பு மட்டும்தான் வரும்.

தடம் முழுதாகப் போகாவிட்டால்? விட்டுவிடுவேன். குனிந்து தேடினால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்தாலே எனக்குப் போதும். அதன் மேல் வாக்ஸ் போட்டு மூடுவேன். வாக்ஸோ செராமிக் கோட்டிங்கோ அடுத்த எச்சத்தைத் தடுக்காது, துடைப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். கிளியர் கோட்டில் வலைபோல வெடிப்பு விழுந்திருந்தால் மட்டும் இதில் எதையும் முயல வேண்டாம். நேராகப் பெயிண்டரிடம் போங்கள்.