டவல் டிசைனர்களும் கேம் டிசைனர்களும்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் டீமை மறுபடியும் கலைத்துவிட்டார்களாம். கேம் விற்கவில்லையா என்று கேட்டேன். "நல்லாத்தான் வித்துச்சு, அதான் ஒண்ணும் புரியலை" என்றார். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் வீடியோ கேம் என்றால் டிவியில் மாட்டும் ஒரு பெட்டியும், '9999 இன் 1' என்று கூசாமல் பொய் எழுதியிருந்த கேசட்டும்தான். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஒரு ஊது ஊதித் திரும்பச் செருக வேண்டும். இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பத்து வயதுப் பையனுக்குத் தோன்றாதது பெரிய விஷயமில்லை. கேம் விற்ற கம்பெனிக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

1970களின் கடைசியில் அமெரிக்காவில் அட்டாரி என்ற கேம் கம்பெனிதான் ராஜா. அப்போது ஒரு கேமை முழுக்க ஒரே ஆள் செய்வார். யோசனை, படம், சத்தம், ப்ரோகிராம் எல்லாமே அவர் வேலை. வாட்ஸப்பில் தினமும் வரும் குட் மார்னிங் படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரிது, ஆனால் அவர்கள் ஒரு முழு விளையாட்டையே 4 கிலோபைட்டுக்குள் அடக்கினார்கள். பெட்டியில் அவர்கள் பெயர் வராது. ராயல்டியும் கிடையாது. வாரன் ராபினெட் என்பவர் 'அட்வெஞ்சர்' என்ற கேமை எழுதினார். தன் ஆண்டுச் சம்பளம் சுமார் 22,000 டாலர், கேமோ ஒன்று 25 டாலர் வீதம் பத்து லட்சம் விற்றது என்று அவரே பின்னாளில் கணக்குச் சொன்னார். பெயரைத்தான் போட மாட்டேன் என்கிறார்களே, அவரே போட்டுக்கொண்டார். கேமுக்குள் கண்ணில் படாத ஒரு புள்ளியை வைத்தார். அதைத் தேடி எடுத்து, சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு ரகசிய அறை திறக்கும். உள்ளே 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்' என்று மின்னும். ஆபீஸில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, விளையாடிய ஒரு பையன் கடிதம் எழுதித்தான் அட்டாரிக்கே விஷயம் தெரிந்தது.

அதே காலத்தில் மார்க்கெட்டிங் ஆட்கள், எந்த கேம் எவ்வளவு விற்கிறது என்று ஒரு பட்டியலை ப்ரோகிராமர்களிடம் சுற்றுக்கு விட்டார்கள். விற்பதைப் போலச் செய்யுங்கள் என்று சொல்வதற்காக விட்டது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான் என்ற நான்கு பேர் அதில் வேறு ஒரு கணக்கைப் போட்டார்கள். கார்ட்ரிட்ஜ் (நம் ஊர் கேசட்) விற்பனையில் பாதிக்கும் மேல் தங்கள் நான்கு பேர் கைவேலை என்று தெரிந்தது. தலைவர் ரே காஸரிடம் போய்ப் பெயரும் கொஞ்சம் பங்கும் கேட்டார்கள். காஸர் துணி மில் தொழிலிலிருந்து வந்தவர். கிரேன் பிறகு சொன்னபடி, அசெம்பிளி லைனில் கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஆளைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்று பதில் வந்தது. டவல் டிசைனர்களை எனக்குத் தெரியும், அவர்களைப் போலத்தான் நீங்களும் என்ற மாதிரியும் பேசினாராம். (கரூர்ப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். நல்ல டவல் டிசைனர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று அங்கே இருக்கும் முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும்.)

நான்கு பேரும் கிளம்பிப் போய் 1979இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெட்டியில் டிசைனர் பெயரை அச்சடித்து விற்றார்கள். கிரேன் 1982இல் செய்த 'பிட்ஃபால்' லட்சக்கணக்கில் போனது. கம்பெனியின் பெயர் ஆக்டிவிஷன். ஆமாம், 'கால் ஆஃப் டியூட்டி' விற்கும் அதே ஆக்டிவிஷன்தான். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

அட்டாரி அந்தப் பக்கம் என்ன செய்தது? 1982இல் 'ஈ.டி.' படத்தின் உரிமையைப் பெரும் தொகை கொடுத்து வாங்கியது. பேரம் முடியவே ஜூலைக் கடைசி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டுமானால் செப்டம்பர் 1க்குள் கேம் தயாராக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளுக்கு ஐந்து வாரம் கொடுத்தார்கள். சாதாரணமாக மாதக்கணக்கில் ஆகும் வேலை அது. முடித்தும் கொடுத்துவிட்டார் பாவம். விற்காமல் திரும்பி வந்த கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்ததும், 2014இல் அதைத் தோண்டி எடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பழி மட்டும் இன்றுவரை வார்ஷா மேல். உலகத்திலேயே மோசமான கேம் செய்தவர் என்கிறார்கள். ஐந்து வாரத்தில் ஒரு கேம் செய்தவர் என்று ஏன் சொல்வதில்லை?

இவ்வளவு படித்துவிட்டு, கோட்டு போட்டவர்கள்தான் வில்லன்கள், கலைஞர்களைச் சும்மா விட்டிருந்தால் அற்புதம் நடந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சும்மா விட்ட கதையும் இருக்கிறது.

'டியூக் நுகெம் 3டி' 1996இல் சக்கைபோடு போட்டது. அந்தப் பணத்தில் 3டி ரெல்ம்ஸ் அடுத்த பாகத்தை 1997இல் அறிவித்தது. சொந்தக் காசு, கேட்பதற்கு ஆள் இல்லை. எப்போது வரும் என்று கேட்டால் 'முடியும்போது வரும்' என்பதே பதில். முதலில் ஒரு எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தொடங்கினார்கள். அதைவிட நல்ல எஞ்சின் ஒன்று வந்ததும் அதற்கு மாறினார்கள். வேறு யாராவது ஒரு கேமில் புதிதாக ஒன்று செய்தால், அது நமக்கும் வேண்டும் என்று மறுபடி பிரித்தார்கள். வீடு கட்டுகிறவர் பக்கத்துத் தெருவில் புது டைல்ஸைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் தளத்தைப் பெயர்த்தால் எப்படியோ, அப்படி. 2009இல் காசு தீர்ந்து டீமையே வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேறு ஒரு ஸ்டுடியோ கையில் எடுத்து 2011இல் வெளியிட்டது. 14 வருடம். விளையாடிப் பார்த்தேன், காத்திருந்ததற்கு ஒன்றும் இல்லை.

அதனால் டெட்லைன் எனக்கு எதிரி இல்லை. கேமில் வரும் பொருட்களுக்கு 3டி மாடல் செய்த ஆள் நான், டெட்லைன் இல்லாவிட்டால் நானே ஒரு கதவுக் கைப்பிடியில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பேன். "போதும், அடுத்ததைப் பார்" என்று சொல்ல ஒரு ப்ரொட்யூசர் வேண்டும். நல்ல ப்ரொட்யூசருக்கு எதை வெட்டினால் கேம் சாகாது என்று தெரியும். மோசமானவருக்குத் தேதி மட்டும்தான் தெரியும்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். பிசினஸ் என்றால் சரியாகக் கணக்குப் போடுவதுதானே? இந்தத் தொழிலில் அந்தக் கணக்கையே தப்பாகப் போடுகிறார்கள். கேமின் பெயர் சொத்து, எஞ்சின் சொத்து, கேரக்டர் சொத்து. செய்கிற ஆள் மட்டும் செலவு. சேர்ந்து வேலை செய்து பழகிய டீம் என்ற ஒன்றுக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இப்போது ஆக்டிவிஷனுக்கு வருகிறேன். நிறுவிய நால்வரும் போய், கம்பெனி திவாலாகி, கை மாறி, மறுபடி பெரிதாகி நின்ற காலம். 2015 என்ற பெயரில் ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது, வருடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈஏ என்ற இன்னொரு பெரிய கேம் கம்பெனிக்காக 'மெடல் ஆஃப் ஹானர்' கேம் ஒன்றைச் செய்துகொடுத்த இடம். அங்கிருந்து 22 பேர் 2002இல் வெளியே வந்து இன்ஃபினிட்டி வார்டைத் தொடங்கினார்கள். ஆக்டிவிஷன் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அப்படி வந்ததுதான் 'கால் ஆஃப் டியூட்டி'. 2009 நவம்பரில் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2' அடுத்த ஜனவரிக்குள் 100 கோடி டாலரைத் தாண்டியது. மார்ச்சில் ஸ்டுடியோவின் தலைவர்கள் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஜாம்பெல்லா இருவரையும் வேலையை விட்டு எடுத்தார்கள். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றது கம்பெனி. ராயல்டி கொடுக்காமல் இருக்கத்தான் இந்த வேலை என்றார்கள் இவர்கள். கோர்ட்டுக்குப் போய் 2012இல் சமரசம் ஆனது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை.

நான் பார்ப்பது பின்னால் நடந்ததை. இருவரும் ஈஏ பணத்தில் ரெஸ்பான் ஸ்டுடியோவைத் தொடங்க, பழைய ஆட்கள் பலர் பின்னாலேயே போனார்கள். 'டைட்டன்ஃபால்' வந்தது. 2019இல் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' வந்து ஒரே வாரத்தில் இரண்டரைக் கோடிப் பேர் விளையாடினார்கள். ஈஏவுக்காகச் செய்த கை ஆக்டிவிஷனுக்குப் போய், அங்கிருந்து மறுபடி ஈஏவுக்கே வந்துவிட்டது. போன இடத்திலெல்லாம் பணம் கொட்டியது. உரிமைப் பத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது, கை மட்டும் நடந்து போய்விட்டது. 'கால் ஆஃப் டியூட்டி' அதற்குப் பிறகும் வருடா வருடம் விற்றதே என்பீர்கள். விற்றது. ஆனால் விரட்டி விட்டதால் புதிதாக ஒரு போட்டியாளரும் உருவானாரே, அது எந்தக் கட்டத்தில் ஏறும்?

2019 பிப்ரவரியில் அதே ஆக்டிவிஷன், சரித்திரத்திலேயே சிறந்த வருமானம் என்று அறிவித்த அன்றே சுமார் 8 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாகவும் அறிவித்தது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியபோது பேசப்பட்ட விலை 6,870 கோடி டாலர். அடுத்த ஜனவரியில் கேமிங் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. பெயர் போடச் சொல்லிக் கிளம்பிய நான்கு பேர் தொடங்கிய கம்பெனி!

மைக்ரோசாஃப்ட் கையில் இருந்த டோக்கியோ ஸ்டுடியோ டாங்கோ கேம்வொர்க்ஸின் கதை இதைவிடச் சின்னது, எனக்கு இதைவிட வலித்தது. 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் 'ஹை-ஃபை ரஷ்' வெளியிட்டார்கள். தாளத்துக்கு அடித்துச் சண்டை போடும் கேம், அவ்வளவு சந்தோஷமான ஒன்று. விருதுகள் வந்தன. எல்லா அளவிலும் வெற்றி என்று மைக்ரோசாஃப்ட் தரப்பிலேயே சொன்னார்கள். 2024 மே மாதம் ஸ்டுடியோவை மூடப்போவதாக அறிவித்தார்கள். என் நண்பர் போனில் சொன்ன அதே கதைதான். ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன் அந்த டீமையும் கேமையும் வாங்கிக்கொண்டது. ஒருவருக்குச் செலவாகத் தெரிந்தது இன்னொருவருக்குச் சொத்தாகத் தெரிந்திருக்கிறது.

வேறு மாதிரிக் கணக்குப் போட்ட ஒரு முதலாளியையும் சொல்ல வேண்டும். சடோரு இவாடா. அடிப்படையில் ப்ரோகிராமர். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஹால் லேபரட்டரி என்ற கேம் கம்பெனிக்கு 1993இல் தலைவரானார். ஊழியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார், கடனையும் அடைத்தார். 2002இல் நின்டெண்டோவின் தலைவர். 2011இல் அவர்களுடைய 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவி விற்கவில்லை, அரை வருடத்துக்குள் ஜப்பானில் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 ஆக்கினார்கள். இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வீ யூ என்ற அடுத்த கருவி படுத்தபோது 2014இலும் அதையே செய்தார். ஆட்களைக் குறைக்கவில்லையா என்று பங்குதாரர்கள் கேட்டதற்கு, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் உலகத்தைக் கவரும் கேம் செய்ய முடியும் என்று நம்பவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். தியாகி என்று மாலை போட வேண்டாம். நின்டெண்டோவிடம் கையில் ஏராளமாக ரொக்கம் இருந்தது, ஜப்பானில் அவ்வளவு சுலபமாக ஆட்களை நீக்கவும் முடியாது. ஆனால் சும்மா இருந்த டீம் இல்லை அது. வீ யூ காலத்திலேயே தொடங்கி, தேதி தள்ளித் தள்ளிப் போன செல்டா கேம் 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்ற புதுக் கருவியோடு வந்தது. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. அதைப் பார்க்க இவாடா இல்லை, 2015இலேயே போய்விட்டார்.

நான் இருந்தது வெளிநாட்டு கேம்களுக்குப் பெட்டி, பீப்பாய், மதில்சுவர் செய்துகொடுக்கும் ஒரு அவுட்சோர்ஸ் ஸ்டுடியோ. ஆறு பேர் இரண்டு வருடம் ஒன்றாக இருந்தோம். நான் மாடல் முடிக்கும்போதே அதன் மேல் டெக்ஸ்சர் (நிறமும் மேற்பரப்பும்) போடுகிறவர் எங்கே துரு வைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி விளிம்பை விட்டுவைப்பேன். கிளையன்ட் ஃபீட்பேக் ஒரு சுற்று வரும், சரிசெய்தால் அப்ரூவல். ஒருநாள் எக்செல்லில் மூன்று ப்ராஜெக்ட்டுக்கு 'ரிசோர்ஸ்' குறைகிறது என்று எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துப் போட்டார்கள். தாளில் கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மூன்று ப்ராஜெக்ட்டிலும் ஃபீட்பேக் நான்கு சுற்று, ஐந்து சுற்று என்று ஏறியது. ஏன் என்று ஒரு மீட்டிங்கே போட்டார்கள். அதில் எங்கள் ஆறு பேரையும் கூப்பிடவில்லை.

பெயர் விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 2021இல் 'மெட்ராய்டு ட்ரெட்' வந்தபோது, மொத்தத் தயாரிப்புக் காலத்தில் கால் பங்காவது வேலை செய்யாதவர்கள் பெயர் கிரெடிட்ஸில் வராது என்று ஸ்டுடியோ ஒரு விதி வைத்திருந்தது பெரிய சர்ச்சையானது. எங்களை மாதிரி ஆட்களுக்கு அந்தச் சர்ச்சைகூடக் கிடையாது. பெரும்பாலும் ஸ்டுடியோ பெயர் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான்.

ராபினெட் கதையைப் படித்த புதிதில் ஒரு பீப்பாயின் அடிப்பக்கத்தில், யாரும் கவிழ்த்துப் பார்க்காத இடத்தில், 'மு' என்று ஒரு எழுத்தை மரத்தில் கீறின மாதிரி வைத்து அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே ஃபீட்பேக் வந்துவிட்டது. படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்: 'அடியில் தேவையில்லாத கீறல், எடுத்துவிடவும்.'

எடுத்துவிட்டேன். அந்தத் தடவை ஒரே சுற்றில் அப்ரூவல்.