ஊர் சின்னதாக இருக்கும்போதே கோடு போடுங்கள்
எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, பட்டறை என்று பிரித்துச் சொல்வது மண்டலச் சட்டம். 'ஊர் சின்னது, வளர்ந்த பிறகு அதைக் கொண்டுவந்தால் போதும்' என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1999இல் பெங்களூரு ஹொரமாவு பக்கம் முப்பதுக்கு நாற்பது மனை வாங்கியபோது எங்களுக்கும் அதே நினைப்புதான். அப்போது அது கிராமப் பஞ்சாயத்து. எது வீடு, எது பட்டறை என்று கேட்பார் இல்லை. மூன்றே வருஷத்தில் பக்கத்து மனையில் கிரானைட் அறுக்கும் ஷெட் வந்தது. கொடியில் காய்ந்த துணியை உதறினால் வெள்ளையாகத் தூள் கொட்டும். அந்தப் பக்கத்து ஜன்னலை என் மாமியார் திறப்பதே இல்லை. மழைநீர் போக வேண்டிய பெரிய வாய்க்கால் (அங்கே ராஜகாலுவே என்பார்கள்) மேலேயே சுவர் எழும்பியது. 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானும் அதே வருஷம் நடைமுறைக்கு வந்தது, ஆனால் அதற்குள் எல்லாம் கட்டி முடிந்திருந்தது. ஷெட் இன்றும் ஓடுகிறது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இப்படிச் சட்டம் வந்தால் பெட்டிக்கடை, மாவு மில் எல்லாம் மூட வேண்டி வருமோ என்று பயப்படுகிறார். நியாயமான பயம். சரி, குடியிருப்புப் பகுதியில் இவை இருக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிடலாமே. ஆனால் உங்கள் ஊர் ஏரியையும் அதற்கு வரும் வாய்க்கால்களையும் இப்போதே அளந்து கல் நட்டுவிடுங்கள், மனை பிரிக்கிறவர்கள் வருவதற்கு முன்னால்.